152 இடங்கள் இருந்தும்...

சென்ற வாரம் ரோ மூ-ஹ்யூன் தென்கொரிய அதிபரானதைப் பார்த்தோம். அவரை வேட்பாளராக நிறுத்தியது கிம் டே-ஜுங் தொடங்கிய புத்தாயிரம் ஜனநாயகக் கட்சி. தென்மேற்கே இருக்கும் ஜொல்லாதான் அதன் கோட்டை. ரோவோ தென்கிழக்குக்காரர். ஊர் பார்த்து ஓட்டுப் போடும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதற்காகவே, தோற்பது தெரிந்தும் பூசானில் திரும்பத் திரும்பப் போட்டியிட்டவர். அதே நோக்கத்தோடு 2003 நவம்பரில் அவருடைய ஆதரவாளர்கள் தாய்க்கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறி, உரி கட்சியைத் தொடங்கினார்கள். கையில் இருந்தது 47 எம்.பி.க்கள். அவையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

வரும் தேர்தலில் மக்கள் உரி கட்சியை ஆதரிப்பார்கள் என்று நம்புவதாக ரோ வெளிப்படையாகவே பேசினார். அதிபர் நடுநிலை தவறிவிட்டார் என்றது தேர்தல் ஆணையம். பழைய தாய்க்கட்சியும் வலதுசாரிப் பெருந்தேசியக் கட்சியும் கைகோத்தன. 2004 மார்ச் 12. சபாநாயகர் மேடையை மறித்து நின்ற உரி உறுப்பினர்களைக் காவலர்கள் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே போட, 193க்கு 2 என்ற கணக்கில் பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறியது. அவர்கள் கதறி அழுததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சோல் நகர வீதிகளில் மக்கள் மெழுகுவத்தி ஏந்தித் திரண்டார்கள்.

ஏப்ரல் 15 தேர்தலில் 299 இடங்களில் 152 உரி கட்சிக்கு. தாய்க்கட்சிக்கு வெறும் 9. மே மாதம் அரசியல் சாசன நீதிமன்றம் ரோவை மீண்டும் நாற்காலியில் அமர்த்தியது. 1961 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, ஜனநாயகத்துக்காகப் போராடிய தரப்பில் ஒரு கட்சி தனிப்பெரும்பான்மை பெற்றது அதுவே முதல் முறை.

அந்தப் பெரும்பான்மையை அவர்கள் வீணடித்தார்கள் என்பதுதான் என் வருத்தம். 1948இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரால் எத்தனையோ பேர் சிறையில் வாடினார்கள். அருங்காட்சியகத்துக்கு அனுப்ப வேண்டிய சட்டம் என்றார் ரோ. முழுக்க ஒழிக்க வேண்டும் என்றது கட்சியில் ஒரு அணி. எதிர்க்கட்சியோடு பேசித் திருத்தினால் போதும் என்றது இன்னொரு அணி. 2004 டிசம்பர் முழுவதும் இழுபறி. இரண்டுமே நடக்கவில்லை. அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஊர் அரசியலும் அசையவில்லை. வெற்றி அலையிலும் பூசானின் 18 தொகுதிகளில் உரி கட்சிக்குக் கிடைத்தது ஒன்றுதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கியும் இந்தக் கதி. தேர்தல் முறையையே மாற்றினால்தான் விடிவு என்று ரோ முடிவுகட்டியதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு அவர் கொடுக்க முன்வந்த விலை? 2005இல், முறையை மாற்றச் சம்மதித்தால் ஆட்சியில் பங்கு தருகிறேன் என்று அதே பெருந்தேசியக் கட்சியை அழைத்தார். அதன் தலைவர் பார்க் குன்-ஹே மறுத்துவிட்டார். ரோவுக்காக மெழுகுவத்தி ஏந்தியவர்கள் மனம் உடைந்துபோனார்கள்.

2006 உள்ளாட்சித் தேர்தலில் 16 பெரிய பதவிகளில் உரி கட்சி ஜெயித்தது ஒன்றே ஒன்று: வட ஜொல்லா. எந்தக் கோட்டை அரசியலை ஒழிக்கப் புறப்பட்டார்களோ, கடைசியில் அந்தக் கோட்டையின் ஒரு மூலைதான் மிஞ்சியது. 2007 பிப்ரவரியில் எம்.பி.க்கள் கூட்டமாக வெளியேற, ரோவும் விலகினார். ஆகஸ்ட்டில் கட்சி வேறொரு புதுக் கட்சியோடு இணைந்து மறைந்தது.

அந்தப் புதுக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார் உரி கட்சியின் முன்னாள் தலைவர் சுங் டோங்-யோங். எதிரே லீ மியுங்-பாக். அந்தத் தேர்தலை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)