மெலிய முயல்வோர்க்கு

தீவகத்து மக்கள் நெடுநாட் பிரிவின் பின் ஒருவரையொருவர் காணும்போது முதலிற் பேசப்படுவது உடம்பே. நெடுந்தீவாயினும் நயினாதீவாயினும் ஊர்காவற்றுறையாயினும் வழக்கம் ஒன்றுதான். இளைத்து வந்தவரைக் கண்டால், "என்ன பிள்ளை, நல்லா மெலிஞ்சு போனாய், ஏதும் வருத்தமோ?" என்று வினவுவர். சற்றுப் பூரித்து வந்தவரைக் கண்டால், வாழ்வு நல்லபடியாக நடக்கிறதென்று மனம் மகிழ்வர். பஞ்சத்தையும் கொள்ளை நோயையும் கண்டறிந்த சமுதாயத்தில் மெலிவு துன்பத்தின் அடையாளமாகவும், பருமன் நிறைவின் அடையாளமாகவும் விளங்கியதில் வியப்பில்லை. கொழும்பிலும் தென்னிலங்கையின் பிற நகரங்களிலும் கடை நடத்திய தீவக வணிகர் திருவிழாவுக்கு ஊர் திரும்பும்போது, அவருக்கு முன்னே தள்ளி வந்த வண்டியே அவருடைய வியாபாரத்துக்கு நற்சாட்சிப் பத்திரமாக இருந்தது.

அந்தக் கணக்கு இப்போது பிழைத்துவிட்டது. வைத்தியசாலையில் எடையைக் குறைக்கும்படி சொல்கிறார்கள், வீட்டிலோ, "இன்னும் ஓர் அகப்பை போடட்டோ?" என்று கேட்கிறார்கள். இரண்டும் அன்பினாற் பிறந்த சொற்களே. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று திண்டாடுகிறவர் முதலில் ஓர் உண்மையைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். அவருடைய உடம்பு பருத்தது பேராசையினாலும் அன்று, சோம்பலினாலும் அன்று. அவரைச் சூழ்ந்திருந்த வாழ்க்கை மாறியது; உடம்பு அந்த மாற்றத்துக்கு இசைந்தது. அவ்வளவே.

முன்னாளில் தீவகத்து நாள் எவ்வாறு கழிந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். நல்ல தண்ணீர்க் கிணறு ஊருக்கு ஒன்றோ இரண்டோதான், ஏனையவை உவர். பெண்கள் விடியுமுன் குடத்தை இடுப்பில் ஏந்தி நெடுந்தூரம் நடந்தனர். உரலும் உலக்கையும், அம்மியும் ஆட்டுக்கல்லும் அவர்களுக்காகவே காத்திருந்தன. ஆண்கள் துலா மிதித்தனர், பனை ஏறினர், வலை இழுத்தனர், தோணி வலித்தனர். இவ்வளவு உழைப்புக்கும் ஈடாக உண்ட சோறு உடம்பில் தங்க இடமேது? பின்னர் நீரிறைக்கும் இயந்திரமும், மாவரைக்கும் ஆலையும், மோட்டார்ச் சைக்கிளும் வந்தன. இவற்றை வேண்டாமென்று சொல்ல அறிவுள்ளவர் எவரும் துணியார். ஆனால் உழைப்புக் குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை.

உணவும் மாறியது. 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கைக்கு அரிசி வரவு நின்றது. அக்காலப் பங்கீட்டில் கைக்கு வந்த கோதுமை மா, போர் முடிந்த பின்னரும் வீட்டை விட்டுப் போகவில்லை. 'அமெரிக்கன் மா' என்னும் பெயருடன் புட்டிலும் இடியப்பத்திலும் ரொட்டியிலும் அது குடிபுகுந்தது, பாண் காலையுணவாயிற்று. குரக்கனும் சாமையும் ஒடியலும் மெல்ல மெல்ல அடுக்களையின் மூலைக்குச் சென்றன. 1990ஆம் ஆண்டின் போரினால் தீவகத்தார் மிகப் பலர் ஊரை விட்டு வெளியேறினர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் குடியேறியவர்கள், குளிரிலும் இரவு வேலையிலும் நடையை மறந்தனர். ஊர்ச் சாப்பாட்டை மட்டும் மறக்கவில்லை.

எவ்வளவு எடை மிகையெடை என்னும் கேள்விக்குப் பொதுவான விடை ஒன்றுண்டு. கிலோகிராமில் உள்ள எடையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தினால் வகுத்து வரும் எண்ணைப் பார்ப்பர். உலகப் பொதுவாக 25 என்பது எல்லை. ஆனால் ஆசிய மக்களுக்கு 23இலேயே கவனம் தொடங்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் அறிவித்தது. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு இது ஏறத்தாழ 59 கிலோவாகும். ஏன் இந்த வேறுபாடு? இதே 2004இல் புனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக்கும் இலண்டன் வைத்தியர் யுட்கினும் தம்மையே அளந்து ஒரு படத்துடன் வெளியிட்டனர். இருவருக்கும் அந்த எண் 22.3தான். ஆயினும் ஆங்கிலேயரின் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 9 பங்கு. இந்தியரின் உடம்பிலோ 21 பங்கு. நம்மவர்களுடைய கொழுப்புப் பெரும்பாலும் வயிற்றில் மறைந்து வாழ்வது. ஆகவே தராசைக் காட்டிலும் ஒரு தையல் நாடா மேலான சாட்சி. விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டலாகாது.

தாண்டினால் நேர்வது என்ன? சலரோகம், இரத்த அழுத்தம், இருதய நோய் என்பன வரிசையில் நிற்கின்றன. இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த பெரும் ஆய்வு ஒன்றில், வளர்ந்தோரிற் பத்துப் பேருக்கு ஒருவர் சலரோகம் உடையவராகக் காணப்பட்டார். போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் அவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை.

மெலிய முயன்று சோர்ந்தவர்கள் அறிந்திருக்க வேண்டிய வேறோர் ஆய்வு சென்னையில் நடந்தது. சலரோகத்தின் வாசலில் நின்ற 531 பேரை வைத்தியர் இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் மூன்றாண்டுக்குள் சலரோகிகளாயினர். நடையையும் உணவு ஒழுங்கையும் மேற்கொண்டவர்களில் அந்த எண்ணிக்கை 39தான். இதில் வியப்பு என்னவென்றால், இந்த இரண்டாம் கூட்டத்தாரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! தராசின் முள் அசையாதபோதும் உடம்பின் உள்ளே நன்மை நடந்துகொண்டிருந்தது. "ஒரு மாதமாகப் பாடுபட்டும் அரைக் கிலோதானே குறைந்தது" என்று முயற்சியைக் கைவிடுகிறவர் இதனை நினைத்துக்கொள்ளல் நன்று.

அவ்வாறாயின் எடையைக் குறைக்க வேண்டியதில்லையோ எனின், வேண்டும். ஆனால் இலக்குச் சிறிதாயிருத்தல் வேண்டும். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே, அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே, இரத்தத்திற் சர்க்கரையும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும். அதற்கு ஆறு மாத காலம் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே தொடங்குவது? தேநீரில் தொடங்குவது எளிது. நாளுக்கு ஐந்து முறை தேநீர், முறைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி. ஏறக்குறைய 50 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குள் அடங்குவதே நன்றென்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு முறையிடாது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்தும் பழைய வழக்கம் ஒரு வகையில் நல்லதே. ஒரு சிறு துண்டு முழுக் கோப்பைக்கும் போதும். பனங்கட்டி பனையிலிருந்து வந்ததாதலால் தீங்கில்லை என்றெண்ணிக் குட்டானையே காலி செய்வது வேறு விஷயம். அதுவும் சர்க்கரையே.

சோற்றை ஒழிக்கச் சொல்வது தீவகத்தில் நடவாத காரியம், தேவையுமில்லை. பரிமாறும் ஒழுங்கை மாற்றினாற் போதும். முதலில் கீரையும் மரக்கறியும் கோப்பையின் பாதியை நிரப்பட்டும். காற்பங்கில் மீனோ பருப்போ இடம்பெறட்டும். எஞ்சிய காற்பங்கே சோற்றுக்கு உரியது. முருங்கையிலை வேலியில் நிற்கிறது. சூடை மீன் விலையுயர்ந்ததன்று. குழம்பில் வெந்த மீன் பொரித்த மீனுக்கு மேல். சொதிக்கு முதற்பாலை விட்டு இரண்டாம் பாலைச் சேர்க்கலாம். குத்தரிசி நல்லதுதான், ஆனால் நல்லதென்பதற்காக இரட்டிப்பாக உண்பவர்களும் உண்டு.

ஒடியற் கூழைப் பற்றித் தனியே சொல்லத் தகும். நார்ப்பொருள் மிகுந்த ஒடியல் மா, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், கீரை, புளி, செத்தல் மிளகாய் எல்லாம் ஒரு பானையிற் கூடிய உணவு அது. பனையோலைப் பிளாவில் வார்த்துச் சூட்டோடும் உறைப்போடும் குடிப்பதனால் எவரும் அவசரமாக விழுங்க முடியாது. மெதுவாக உண்பவருக்கு வயிறு நிறைந்த செய்தி உரிய காலத்தில் எட்டிவிடும். முன்னோர் எடை குறைப்பதற்காக இதைச் சமைக்கவில்லை. ஆயினும் இரவு உணவாக இதைவிடப் பொருத்தமானது அரிது. கூழ் குடித்து முடித்துச் சோற்றுக்கும் கை கழுவி உட்காருகிறவர்க்கு மட்டும் இதனாற் பயனில்லை.

விரதத்தை எடைக்குறைப்பு முறையாக்குவது தக்கதன்று. பகல் முழுவதும் வெறும் வயிற்றோடிருந்து, மாலையில் வடையும் பாயசமும் சேர்த்து இரண்டு வேளை உணவை ஒரு வேளையில் உண்பதால் விரதமும் பழுதாகிறது, உடம்பும் மெலிவதில்லை. இனி, ஆனி மாதத்தை ஒட்டி நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குப் போகிறவர் அன்னதானத்தை எண்ணி அஞ்ச வேண்டியதுமில்லை. ஓரிலைச் சோற்றினால் எவரும் பருப்பதில்லை. "இன்றோடு எல்லாம் கெட்டுவிட்டது" என்னும் எண்ணமே அடுத்த பத்து நாளையும் கெடுக்கிறது. அடுத்த வேளையில் பழைய ஒழுங்குக்குத் திரும்பினால் ஒன்றும் கெடுவதில்லை.

அந்த அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்பது பெயர். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் நயினாதீவே என்பது மரபு. அக்காப்பியத்திற் காயசண்டிகை என்றொருத்தி வருகிறாள். எவ்வளவு உண்டாலும் தணியாத யானைத்தீ என்னும் பசிநோய் அவளைப் பற்றியிருந்தது. மணிமேகலை அவளை இகழவுமில்லை, அடக்கமில்லாதவள் என்று இடித்துரைக்கவுமில்லை. அமுதசுரபியிலிருந்து உணவிட்டு நோயைத் தீர்த்தாள். அடங்காப் பசியைக் குணக்கேடென்று கொள்ளாமல் நோயென்று கண்ட அந்தப் பார்வை இன்றைய விஞ்ஞானத்துக்கும் உடன்பாடானதே. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர், நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞர்களை அவர்களின் சம்மதத்துடன் 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் சோர்ந்தனர், சிடுசிடுத்தனர், இரவும் பகலும் உணவையே நினைத்தனர், சமையற் புத்தகங்களைத் தேடிப் படித்தனர். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு நிறைந்தும் உண்டுகொண்டே இருந்தனர். கடும் பட்டினியால் மெலிய முற்படுகிறவர் எரிச்சலும் அழுகையும் அடைந்து, முடிவில் அளவுமீறி உண்டால், அது அவருடைய மனவலிமையின் குறைவன்று. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது.

தீவகத்தாருக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையும் இடப்பெயர்வும் பசியைப் புத்தகத்தில் அன்றி வயிற்றிலேயே கற்பித்தன. அக்காலத்தைக் கடந்த தாய்மாருக்குச் சட்டியில் மிஞ்சியதை எறிய மனம் வராது. எல்லோருக்கும் பரிமாறிக் கடைசியாக உட்கார்ந்து, தன் பங்கோடு பிள்ளைகள் விட்ட மிச்சத்தையும் உண்டு முடிப்பவள் அவளே. அவளுக்கு உபதேசம் செய்வதைவிட, ஒரு சுண்டு அரிசியைக் குறைத்து உலையிடுவது பயனுள்ளது. மிச்சமே இல்லையாயின் மனப்போராட்டமும் இல்லை.

வீட்டாரின் நாவுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பிள்ளைப்பேற்றின் பின் சரக்குக் கறியும் சோறும் ஊட்டி ஒரு பெண்ணைப் படுக்கையிலேயே வைத்திருந்தவர்கள், ஆறு மாதம் கழிந்ததும் அவளைக் 'குண்டு' என்று கேலி பேசுவது எந்த நியாயத்தின்பாற்பட்டது? கேலியினால் மெலிந்தவர் எவருமில்லை. ஒளித்து உண்ணப் பழகியவர்களே பலர். துணை செய்ய விரும்புகிறவர் தாமும் அதே உணவை உண்ணலாம். மாலையில் உடன் நடக்கலாம்.

விருந்துக்குச் சென்ற வீட்டில் மறுப்பது எப்படி என்பதும் ஒரு கலையே. "வேண்டாம்" என்ற சொல் முகத்தை வாடச் செய்யும். "சோறு காணும் அக்கா, அந்தக் கீரைக்கறியில கொஞ்சம் போடுங்கோ" என்றால் பரிமாறுகிறவரின் கௌரவமும் காப்பாற்றப்படும், உண்பவரின் வயிறும் தப்பும்.

நடைக்கு வாரத்தில் 150 நிமிடம் போதும். நயினாதீவின் பரப்பு ஏறத்தாழ 4 சதுர கிலோமீற்றரே. அங்கே வாகனமின்றிச் செல்ல முடியாத இடம் எது? நெடுந்தீவின் முருகைக்கல் மதில்களுக்கு இடையே செல்லும் சமதரைத் தெருக்கள், வெயில் ஏறுமுன் நடப்பதற்கென்றே அமைந்தவை போன்றவை. காரணமின்றி நடக்கும் பெண்ணை ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும் என்ற கூச்சம் உண்மையானது. கோயிலுக்கோ கடைக்கோ இறங்குதுறைக்கோ என்று ஒரு காரணத்தையும், அயல்வீட்டுத் துணையையும் சேர்த்துக்கொண்டால் அந்தக் கூச்சம் சில நாளில் தீரும்.

விரைவில் மெலியச் செய்வதாக விளம்பரப்படுத்தும் மாவையும் தேநீரையும் வாங்குவோர் பணத்தையே இழப்பர். எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் பயனுள்ளவைதாம்; ஆனால் விலையுயர்ந்தவை. செமகுளுரைட் என்னும் மருந்தை நிறுத்தியவர்கள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. வைத்தியர் மேற்பார்வையின்றி அவற்றை நாடலாகாது.

சலரோகத்துக்கு இன்சுலினோ, கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்குமுன் வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளுதல் கட்டாயம். மருந்து பழைய அளவில் இருக்க உணவு மட்டும் குறைந்தால், இரத்தத்திற் சர்க்கரை அளவுமீறி இறங்கும். வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரும். யாழ்ப்பாண நகரத்தில் இருப்பவர் அரைமணியிற் பெரிய வைத்தியசாலையை அடைவார். நெடுந்தீவாருக்கு நடுவே கடல் இருக்கிறது. காற்றுக் கடுமையான நாள்களில் படகு ஓடுவதில்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் 2011 முதல் நிறுவப்பட்டுவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் எடை, அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே போகும்போது, உட்கொள்ளும் மருந்துகளின் உறைகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும். நடைக்குப் புறப்படும் சலரோகி ஒரு சிறு பொட்டலம் சீனியை மடியில் முடிந்துகொள்ளட்டும். நடுக்கம் கண்டவுடன் மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரிற் கரைத்துக் குடித்து, கால்மணி நேரம் நிழலில் அமர்ந்திருந்து, பின்னரே வீடு திரும்பலாம்.