ரேங்க் ஏற வேண்டுமா? தோற்ற ஆட்டத்தைப் பாருங்கள்

"அண்ணே, மூணு மாசமா எப்பிக்லயே நிக்கிறேன். இன்னும் எவ்ளோ நேரம் ஆடணும்?"

கம்போங் மேடானில் வார இறுதி டியூஷன் வகுப்புக்கு உதவியாகப் போகும் என்னிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மொபைல் லெஜண்ட்ஸைப் பற்றித்தான். நேரத்தைக் குறை தம்பி என்பேன். முகம் சுருங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் என்றால், பத்து ஆட்டத்துக்கு இரண்டரை மணி. எஸ்.பி.எம். எழுதும் ஆண்டில் அது பெரிய நேரம். பத்திலும் ஒரே தவற்றைச் செய்தால் அந்தத் தவறுதான் கைக்குப் பழகும்.

மூன்று ஆட்டத்தோடு நிறுத்துங்கள். பிறகு தோற்ற ஆட்டம் ஒன்றைத் திரும்பப் பாருங்கள். முடிந்த ஆட்டங்களை மீண்டும் காட்டும் வசதி விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பலர் தங்கள் சாகசத்தை ரசிக்கத்தான் அதைத் திறக்கிறார்கள். நீங்கள் வீழ்ந்த இடங்களுக்குப் போங்கள். ஒவ்வொரு முறையும் பத்து விநாடி முன்னால் நிறுத்தி, திரையின் மூலையில் உள்ள சிறு வரைபடத்தைக் கவனியுங்கள். எதிரணி ஐவரில் எத்தனை பேர் கண்ணில் படுகிறார்கள்? இரண்டு பேர்தான் என்றால், மற்ற மூவரும் பக்கத்துப் புதரிலேயே இருக்கலாம். அப்போது முன்னேறியது சரியா?

"டீம் சரியில்லண்ணே" என்று எப்போதும் குறைப்படும் படிவம் ஐந்து மாணவர் ஒருவரை இப்படிப் பார்க்க வைத்தேன். ஒரு தாளில் கோடு கிழித்துக்கொண்டே வந்தார். ஏழு முறை வீழ்ந்திருந்தார். அதில் ஐந்து முறை வரைபடத்தில் மூவர் காணாமல் போயிருந்தபோது தனியாகப் போனவர். அதற்குப் பிறகு டீமைப் பற்றிப் பேச்சில்லை.

அடுத்தது நேரம். முதல் ஆமை இரண்டாவது நிமிடத்தில் வரும், லார்ட் எட்டாவது நிமிடத்தில். இது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் பாதி உயிரோடு ஓடும் எதிரியைத் துரத்திக்கொண்டு மறுகோடியில் நிற்பார்கள். எத்தனை பேரை வீழ்த்தினாலும் எதிரியின் தளம் விழாமல் ஆட்டம் முடியாது. ஹீரோக்களைப் பொறுத்தவரை, ஒரு பொறுப்புக்கு இரண்டு பேரை நன்றாகப் பழகினால் போதும். தொடர்ந்து இரண்டு தோல்வியா? கைப்பேசியை வைத்துவிடுங்கள், கோபத்தில் ஆடும் மூன்றாவது ஆட்டம் பெரும்பாலும் நட்டம்தான்.

நல்ல ஆட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2024 ஜூலையில் ரியாத்தில் நடந்த மிட் சீசன் கப் போட்டியில் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் பட்டம் வென்றது. பரிசு 10 லட்சம் அமெரிக்க டாலர். இறுதிச் சுற்றில் பிலிப்பைன்ஸின் ஃபால்கன்ஸ் ஏபி பிரென் அணியை 4-3 என வீழ்த்தியது. அப்போது நம் அணியின் பயிற்றுநராக இருந்தவரும் பிலிப்பைன்ஸ்காரர்தான் என்பது சுவையான செய்தி.

அந்த ஏழு ஆட்டங்களையும் யூடியூப்பில் பார்க்கலாம். வர்ணனையின் ஒலியைக் குறைத்துவிட்டு, நீங்கள் ஆடும் பொறுப்பில் இருப்பவரை மட்டும் தொடருங்கள். ஆமை வருவதற்கு முன் அவர் எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம் போதும்.