முனியம்மாவுக்குள் ஒளிந்திருந்த எழுத்து

பாகான் டத்தோ தென்னைக்குப் பேர்போன ஊர். இங்கே தேங்காய் உரிப்பவர் நட்டுவைத்த கூர்முனையில் காயைக் குத்தி, நாலு திருகலில் மட்டையைக் கழற்றிவிடுவார். கண் இருக்கிற இடத்தில் மட்டும் குடுமியை விட்டுவைப்பார். அதையும் பிய்த்தால் காய் சீக்கிரம் கெட்டுவிடும்.

கோயில் நன்கொடைப் பட்டியலைக் கணினியில் சுத்தம் செய்யப்போய், குடுமியையும் சேர்த்துப் பிய்த்தவன் நான். பட்டியலில் முனியம்மா பெயர் இரண்டு வரிகளில் இருந்தது. தேடினால் ஒன்றுதான் அகப்பட்டது. மற்றதில் ‘ம்’முக்குப் பின்னால் அகலமே இல்லாத ஒரு குறி ஒளிந்திருந்தது. எழுத்துகள் ஒட்டாமல் தடுப்பது அதன் வேலை. வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும் தமிழில் இது தொற்றிக்கொண்டு வரும்.

வேண்டாத எழுத்தை நீக்க ‘டிஆர்’ என்ற சின்னக் கட்டளை உண்டு. 1970களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸோடு வளர்ந்தது. விண்டோஸ் கோப்புகளில் வரிக்கு வரி வால்போல ஒட்டியிருக்கும் 13ஆம் எண் குறியை (தட்டச்சுப்பொறியின் வண்டியைத் தள்ளிய காலத்து மிச்சம்) நொடியில் எடுத்துவிடும். அந்தத் தெம்பில் ஒளிந்திருந்த குறியையும் அதனிடமே ஒப்படைத்தேன். முனியம்மா சரியானார். ஆனால் மீனாட்சி, சீதா, சௌந்தரம் மூவர் பெயரிலும் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி!

1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎஃப்-8 முறையில், தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் மூன்று எண்கள். ‘க’வுக்கு 224, 174, 149. மீனாட்சியின் ஈகாரக் குறிக்கு 224, 175, 128. சௌந்தரத்தின் ஔகாரக் குறிக்கு 224, 175, 140. ஒளிந்திருந்ததற்கோ 226, 128, 140. லினக்ஸில் வரும் குனு டிஆர் மூன்றையும் ஓர் எழுத்தாகப் பார்ப்பதில்லை. தனித்தனி எண்ணாகத்தான் பார்க்கும். அதனால் 128, 140 எங்கே கண்ணில் பட்டாலும் கொத்திக்கொண்டு போய்விட்டது. ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்து ஓர் எண் என்பதால் அங்கே இந்த வம்பு இல்லை.

நல்லவேளை, அசல் கோப்பு பத்திரமாக இருந்தது. இம்முறை லீ மக்மஹன் எழுதிய ‘செட்’ கட்டளையை எடுத்தேன். 226, 128, 140 மூன்றும் இதே வரிசையில் அடுத்தடுத்து வந்தால் மட்டும் நீக்கு என்று அதனிடம் சொல்ல முடியும். சொன்னேன். மீனாட்சிக்கு ஒரு கீறலும் இல்லை.

முனியம்மா இரண்டும் ஒன்றாகி, 50 வெள்ளியும் 30 வெள்ளியும் சேர்ந்து 80 ஆனது. பட்டியலைப் பார்த்த பெரியம்மா சிரித்தார்: “ஐயோ தம்பி, அது ரெண்டு முனியம்மாடா. த/பெ பாத்தியா?”