வைஃபை இருக்கு, நெட் இல்லை: ரூட்டர் பெட்டியின் பாஷையைப் புரிந்துகொள்வது எப்படி?

“நெட்டு வரலய்யா. பெட்டில லைட்டு எரியத்தான் செய்யுது.”

“வைஃபை காட்டுதாம்மா?”

“முழுசா காட்டுது. வீடியோ கால்தான் வரமாட்டேங்குது.”

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் மாதிரியான ஊர்களில் இந்தப் பேச்சு புதிதல்ல. அப்பா, அம்மா ஊரில். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ துபாயிலோ. நடுவில் இருப்பது ஒரு ரூட்டர். அது நின்றால் வாசல் கேமரா நிற்கும், டாக்டரோடு பேசும் வீடியோ கால் நிற்கும். லீவுக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு அன்றைய வேலையும் போச்சு.

பழுது பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். எங்கே என்று சொல்லத் தெரியாததால்தான் கஸ்டமர் கேரில் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்பதோடு பேச்சு முடிகிறது. ஏழெட்டுச் சொற்கள் புரிந்தால், பழுது வீட்டிலா, வெளியிலா என்று நாமே சொல்லிவிடலாம்.

சிவப்பு லைட் என்ன சொல்கிறது?

ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் சுவரோரம் இருக்கும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். கண்ணாடி இழையில் ஒளியாக வரும் தகவலை நம் கருவிகளுக்குப் புரியும் மின்துடிப்பாக மாற்றுவது இதன் வேலை. தூத்துக்குடியிலிருந்து கடலுக்கடியில் இலங்கை வரை 2006-ல் போடப்பட்ட பாரத் லங்கா கேபிளிலும் ஓடியது இதே ஒளிதான். இப்போது பல வீடுகளில் ஓஎன்டியும் ரூட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

அதில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். வயர் எங்கோ அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். இதற்கு லைன்மேன்தான் வர வேண்டும். ‘பிஓஎன்’ விளக்கு நிலையாகப் பச்சையில் இருந்தால் நிறுவனத்தின் கருவி வரை லைன் சரி.

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு

போனில் தெரியும் வைஃபை கோடுகள், போனுக்கும் ரூட்டருக்கும் இடையிலான சிக்னலை மட்டுமே காட்டுகின்றன. ரூட்டருக்கு அந்தப் பக்கம் நெட் இருக்கிறதா என்று அவை சொல்லாது. அம்மாவின் போனில் ‘முழுசா’ காட்டியும் கால் வராததன் காரணம் இதுதான்.

ரூட்டர் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும். வேகம் குறைவு, பக்கத்து வீட்டு வைஃபையோடும் இடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் தடித்த சுவர் இரண்டைத் தாண்டினாலே தளர்ந்துவிடும். பழைய வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து மீட்டிங் பேசுகிறவர் 2.4-ஐத் தேர்வு செய்வது நல்லது. ரூட்டரைப் பீரோவுக்குப் பின்னால் வைக்காமல், வீட்டின் நடுவில் உயரமாக வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

100 எம்பிபிஎஸ் போட்டும் 12 தானா?

எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட். போனில் டவுன்லோடு ஆகும் ஃபைலின் கணக்கு மெகாபைட்டில் இருக்கும். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆக, 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். 1 ஜிபி படத்துக்குச் சுமார் 80 நொடி. யாரும் ஏமாற்றவில்லை; அளவுகோல்தான் வேறு.

வீடியோ காலுக்கு வேகத்தைவிட ‘பிங்’ முக்கியம். ஒரு தகவல் போய்த் திரும்பிவர ஆகும் நேரம் அது, மில்லி நொடியில். பிங் திடீர் திடீரென்று எகிறினால், வேகம் எவ்வளவு இருந்தாலும் குரல் விட்டு விட்டுத்தான் கேட்கும்.

வளவு வீடும் ஐபி முகவரியும்

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு வளவு தெரியும். தெருவுக்கு ஒரே வாசல். உள்ளே நாலைந்து வீடுகள். ரூட்டர் செய்வதும் அதுதான். வெளியுலகுக்கு ஒரே ஐபி முகவரி. உள்ளே போன், டிவி, கேமரா ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ‘நேட்’.

பழைய முறையான ஐபிவி4-ல் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்தது. அதனால் நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரி தருகின்றன. அதாவது, தெருவுக்கே ஒரே கதவு எண். இது ‘சிஜிநேட்’. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகத் திறக்க ‘போர்ட் ஃபார்வர்டிங்’ செய்தும் நடக்காததற்கு இது முக்கியக் காரணம். ரூட்டர் பக்கத்தில் ‘வான் ஐபி’ என்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் உங்கள் வீடு சிஜிநேட்டில் இருக்கிறது. கேமரா நிறுவனத்தின் ஆப் வழியாகப் பார்க்கலாம். இல்லையென்றால் ‘ஸ்டேடிக் ஐபி’ கேட்டு வாங்க வேண்டும்.

பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ்

நாம் பெயரை டைப் செய்கிறோம். நெட்வொர்க்குக்குத் தேவை எண். பெயருக்கு எண் தேடித் தரும் டைரக்டரிதான் டிஎன்எஸ். ஏற்கெனவே திறந்திருந்த ஒரு சில ஆப் ஓடுகிறது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை என்றால் சந்தேகம் இதன்மேல்தான். ரூட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கொடுத்துப் பார்க்கலாம்.

ஆபத்தும் இங்கேதான். ரூட்டருக்குள் நுழைந்த ஒருவர் டிஎன்எஸ்ஸை மாற்றிவிட்டால், வங்கியின் பெயரைச் சரியாக டைப் செய்தாலும் போலிப் பக்கத்துக்குப் போகலாம். ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று பிரவுசர் எச்சரித்தால் அதைத் தாண்டிப் போகக் கூடாது.

பாஸ்வேர்டு ஒன்றல்ல, இரண்டு

வைஃபை பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும். ரூட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழைய இன்னொரு பாஸ்வேர்டு உண்டு. பல பெட்டிகளில் அது கடையிலிருந்து வரும்போதே ‘அட்மின்’. அதை யாரும் மாற்றுவதில்லை.

2017 ஜூலையில் நாட்டின் பல பகுதிகளில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களின் மோடம்களை ஒரு மால்வேர் முடக்கியது. மாற்றப்படாத ‘அட்மின்’ பாஸ்வேர்டுதான் அதற்கு வாசலாக இருந்தது. உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு உலகை உலுக்கிய ‘மிராய்’ மால்வேரும் கேமராக்களிலும் ரூட்டர்களிலும் நுழைந்தது இதே வழியில்தான்.

ஊருக்குப் போகும்போது பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) பிரவுசரில் திறந்து அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3-ல் வையுங்கள். ‘ஃபர்ம்வேர்’ எனப்படும் பெட்டியின் உள் மென்பொருளுக்கு அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள்.

அடுத்த தடவை ஊரிலிருந்து போன் வந்தால் மூன்றே கேள்விகள்: “எல்ஓஎஸ் லைட் சிவப்பா இருக்கா? பெட்டிப் பக்கத்துல நின்னு பாத்தா வருதா? எல்லா போன்லயும் வரலியா, ஒண்ணுல மட்டுமா?” முதல் கேள்விக்கு ‘ஆமா’ என்றால் லைன்மேனைக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் நின்றால் வருகிறது என்றால் பெட்டியின் இடத்தை மாற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் அந்த போனைத்தான் பார்க்க வேண்டும்.