நத்தைகுத்தி நாரையைக் கேட்காத கருவி

முத்துப்பேட்டையில் விடியற்காலையில் கத்துவது செம்போத்தா, ஆள்காட்டியா, கானாங்கோழியா என்று குரலை வைத்தே சொல்லிவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்து கேட்டு, மணி நிமிடத்தோடு எழுதி வைக்க யாரால் முடியும்? அந்த வேலையைச் செய்யும் இலவச மென்பொருள்தான் ‘பேர்ட்நெட்-பை’. அதை ஓட்ட ஏடிஎம் கார்டு அளவேயுள்ள ராஸ்பெர்ரி பை கணினி, ஒரு யுஎஸ்பி மைக், ஒரு மெமரி கார்டு போதும்.

பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான ராஸ்பெர்ரி பை, 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதற்கு விதவிதமான வேலை கொடுத்தவர்கள் பொழுதுபோக்காக நிரல் எழுதும் ஆர்வலர்கள். குரலை அடையாளம் காணும் ‘பேர்ட்நெட்’ அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. அதை இந்தச் சின்னக் கணினியில் இடைவிடாமல் ஓடும்படி செய்தவர் ஆர்வலர் ஒருவர். அவர் ஒதுங்கிக்கொண்டதும் வேறு சிலர் நகலெடுத்துத் தொடர்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வணிகத்துக்கு மட்டும் பயன்படுத்தக் கூடாது.

மைக்கில் விழும் ஒலியை மென்பொருள் மூன்று மூன்று வினாடியாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டையும் ஒலியின் ஏற்ற இறக்கம் தெரியும் படமாக மாற்றி, தான் பழகிய ஆயிரக்கணக்கான இனங்களின் குரல்களில் எதை ஒத்திருக்கிறது என்று பார்க்கிறது. நம் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்துவிட்டால், இந்த வாரத்தில் இந்தப் பக்கம் வர வாய்ப்பில்லாத இனங்களைக் கழித்துவிடும். வலசைப் பறவைகள் வந்துபோகும் ஊருக்கு இது முக்கியம். முடிவோடு 0.7, 0.9 என்று ஓர் எண்ணும் வரும். 0.7 என்றால் எழுபது சதவீதம் சரி என்று அர்த்தமில்லை. அரிய பறவையின் பெயர் வந்தால், சேமித்த ஒலியை ஒருமுறை காதால் கேட்டுவிட்டு நம்புவதே நல்லது.

இதை வைத்துக் கணக்கெடுப்பு நடத்திவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒரே குயில் நூறு தடவை கூவினால் பட்டியலில் நூறு பதிவு ஏறும். நூறு குயில் இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது. முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் உதயமார்த்தாண்டபுரம் ஏரி, 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. கூட்டில் அலகைத் தட்டி ஒலி எழுப்புவதோடு சரி. நாரைக் கூட்டமே தலைக்கு மேல் பறந்தாலும் கருவிக்கு அது வெறும் வானம். நாரையை எண்ண பைனாகுலரும் ஆளும்தான் வேண்டும். மாறாக, அலையாத்திக் காட்டுக்குள்ளோ நாணல் புதரிலோ கண்ணில் படாமல் கத்தும் பறவைகளுக்கு இதைவிடப் பொறுமையான காவலாள் கிடைக்காது.

வீட்டில் வைக்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மெமரி கார்டில் பதிவு ஏறிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கார்டு கெட்டுப்போகலாம்; கஜா புயலைப் பார்த்த ஊருக்கு விளக்க வேண்டியதில்லை, இன்வெர்ட்டரிலோ சின்ன பேட்டரியிலோ இணைத்துவிடுங்கள். அடுத்து, தெருவைப் பார்த்து வைத்த மைக் பக்கத்து வீட்டுப் பேச்சையும் பிடிக்கும். மனிதக் குரல் கேட்டால் அந்தத் துண்டைத் தள்ளிவிடும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. மைக்கைத் தொங்கவிடும் முன்பே அதைப் போட்டு வைத்துவிட வேண்டும்.