மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடும் ஒரு கிராமத்துப் பாட்டிக்கு, மாதத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கே போய்விடும். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், சீட்டுப் போட வேண்டும், டாக்டரிடம் ஒரு வரிசை, மாத்திரை வாங்க இன்னொரு வரிசை. வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும், அன்றைய கூலியும் போயிருக்கும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அடுத்த மாதம் போகாமல் இருந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வலிக்காத நோய்க்காக யார் கூலியை விடுவார்கள்? ஆனால் அந்த வலிக்காத நோய்தான் ஒரு நாள் பக்கவாதமாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ வந்து நிற்கிறது.

2020இல் தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பு இதைத்தான் காட்டியது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவில் 10.8 சதவீதம். மருந்து இல்லாமல் இல்லை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைத்தது. மருந்துக்கும் மனிதருக்கும் நடுவே இருந்த தூரம்தான் தடை.

அந்தத் தூரத்தைக் குறைக்க வந்தது 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. தனித்தனியாக இயங்கிக்கொண்டிருந்த பலரை ஒரே நோயாளியைச் சுற்றி நிறுத்தியதுதான் இதில் பெரிய வேலை.

வீட்டு வாசலுக்கு முதலில் வருபவர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். சுய உதவிக் குழுவிலிருந்து எடுக்கப்பட்டவர், பெரும்பாலும் அதே ஊர்க்காரர். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார். அளவு கூடுதலாக இருந்தால் அவரே மாத்திரை கொடுத்துவிட மாட்டார்; ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். அங்கே மருத்துவர் பார்த்து, நோயை உறுதிசெய்து, மாத்திரையைத் தொடங்குவார். நோய் கட்டுக்குள் வந்த பிறகுதான் மாதாமாதம் மாத்திரை வீடு தேடி வரும். துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியர், தன்னார்வலருக்கும் மருத்துவருக்கும் இடையில் நின்று கவனித்துக்கொள்வார். பாட்டி எந்த மாதம் மாத்திரை வாங்கவில்லை என்பது பதிவேட்டில் தெரியும். முன்பெல்லாம் அவர் வராமல் போனால், வரவில்லை என்று கவனிக்கக்கூட ஆள் கிடையாது.

மாத்திரையோடு முடிந்துவிடுகிற நோய்கள் அல்லவே எல்லாம். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவருக்குக் கை காலை அசைக்கப் பயிற்சி வேண்டும். அதுவும் முதல் சில மாதங்களில் விடாமல் வேண்டும். அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிப் போய்வருவது நடக்கிற காரியமா? அதனால் வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். புற்றுநோய் முற்றியவர்களையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் பார்க்க, நோய்த்தணிப்புச் செவிலியர் வருகிறார். படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவார், வலியைக் கேட்டறிவார். பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ நோயாளியை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று சொல்லிக் கொடுப்பார். இந்தக் கடைசி வேலையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் பக்கத்தில் இருக்கப்போவது அந்த மகள்தான்.

சிறுநீரகம் செயலிழந்த சிலருக்கு, வயிற்றுக்குள் திரவத்தைச் செலுத்தி வெளியேற்றும் பை வழி டயாலிசிஸ் வீட்டிலேயே நடக்கிறது. அதற்கான பைகளும் இத்திட்டத்தில் வீட்டுக்கு வருகின்றன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் மையத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் கைகழுவுவதிலிருந்து எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். வெளியே வரும் திரவம் கலங்கலாக இருந்தாலோ வயிறு வலித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிறகு 2023–24இல் எடுத்த கணக்கெடுப்பில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் 17 சதவீதமாகவும், நீரிழிவு கட்டுக்குள் இருப்பவர்கள் 16.7 சதவீதமாகவும் உயர்ந்தார்கள். 2024இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனாலும் ஆறு பேரில் ஐந்து பேருக்கு நோய் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. வாசல் வாசலாக நடக்கும் பெண்கள் பெறுவது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. இவ்வளவு பாரமும் அவர்கள் தோளில் இருக்கும்போது அது நியாயமாக எனக்குப் படவில்லை.

இந்தச் சங்கிலி அறுந்துபோகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாள். அங்கே மாத்திரையை மாற்றியிருப்பார்கள். ஊரில் மாத்திரை கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்காது. தனியார் மருத்துவமனை என்றால் தெரிய வழியே இல்லை. ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். அடுத்த முறை தன்னார்வலரோ செவிலியரோ வரும்போது அதைக் காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரை அட்டைகளையும் கூடவே எடுத்து வையுங்கள். ஒரே மருந்து வேறு பெயரில் இரண்டு அட்டைகளில் இருப்பது தெரியாமல், இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.