"வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்"

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம், பாடாங் செராய், லுனாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் பெண் வயதுக்கு வந்தால் பந்தல் போட்டு ஊரைக் கூப்பிடுகிறோம். மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் சீர், எதிலும் குறை வைப்பதில்லை. அவள் உடம்பில் நடந்தது என்ன என்று மட்டும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதில்லை. பள்ளியில் சொல்வார்கள் என்று விட்டுவிடுகிறோம்.

பள்ளியில் பாடம் இருக்கிறது. 1989இலேயே இடைநிலைப்பள்ளிகளுக்குக் குடும்ப நலக் கல்வி வந்துவிட்டது. இன்று அது உடற்கல்வி, நலக்கல்விப் பாடத்துக்குள் இருக்கிறது. படிவம் 1 அறிவியலில் இனப்பெருக்கத்துக்குத் தனி இயலே உண்டு. அந்தப் பக்கம் வரும்போதுதான் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்ற குரல் கேட்கிறது. நலக்கல்விக்கு எஸ்.பி.எம். தேர்வில் தாள் கிடையாது, நேரம் போதாவிட்டால் கணிதத்துக்குப் போவதும் அந்த வகுப்புதான்.

ஆசிரியரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் இதே கூச்சத்தில் வளர்ந்தவர். அவருக்குத் தரும் பயிற்சி நாக்கிலிருந்து தொடங்க வேண்டும்: உறுப்புகளின் பெயர்களைச் சக ஆசிரியர்கள் முன்னால், சிரிப்பு அடங்கும்வரை, வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இன்னொரு சுமை. படிவம் 1இல் பாடம் மலாயில் நடக்கிறது. 'ஹைட்' என்பது மாதவிலக்கு என்று புரிவதற்குள் மணியடித்துவிடும். தமிழிலும் அவளிடம் சொல் இல்லை. வீட்டில் 'தூரம்', 'அது', 'அங்கே' என்ற மறைபேச்சுதான். "அங்கே தொட்டார் டீச்சர்" என்பதற்குமேல் அவளால் எதைச் சொல்ல முடியும்? கரும்பலகையில் மலாய்ச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லையும் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அதே பள்ளியில் தமிழாசிரியர் இருந்தால் துணைக்கு அழைக்கலாம்.

வாய்விட்டுக் கேட்கக் கூசுபவர்களுக்காக வகுப்பில் கேள்விப் பெட்டி வைக்கலாம். ஆனால் எல்லாரும் ஏதாவது எழுதிப் போட வேண்டும். கேள்வி இல்லாதவர் மதியம் என்ன சாப்பிட்டார் என்றாவது எழுதட்டும். அப்போதுதான் கேட்டவர் யார் என்று தெரியாது.

சட்டத்தையும் விடக்கூடாது. 16 வயது நிறையாத பெண்ணுடன் உடலுறவு கொண்டால், அவள் சம்மதித்திருந்தாலும் நம் தண்டனைச் சட்டத்தில் அது வல்லுறவுதான். காதல் என்று நினைத்திருக்கும் படிவம் 3 பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆசைகாட்டிச் சிறாரை வசப்படுத்துவதே குற்றம் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டம். கைப்பேசியில் இரவெல்லாம் பேசும் 'அண்ணன்' பற்றி வகுப்பில் பேச இதைவிட நல்ல வழி இல்லை.

துன்புறுத்தலுக்கு ஆளாகும் பிள்ளை அழைக்கத் தாலியான் காசே உதவி எண் 15999 இருக்கிறது. அதைக் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்வேன். யாரும் பார்க்காத இடத்தில் பிள்ளை அதை மனப்பாடம் செய்துகொள்ளும்.